தொடர் நிகழ்காலம் பற்றி ஒரு திருத்தம்

பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே படிப்பை ஓராண்டு நிறுத்திவைக்கும் இடைவெளி ஆண்டு பற்றிய ஆங்கிலப் பயிற்சியில் வந்த ‘ஷி இஸ் டேக்கிங் எ கேப் இயர்’ என்ற வாக்கியம் பிழை என்றும், பேசும் நொடியில் நடக்கும் செயலுக்கு மட்டுமே தொடர் நிகழ்காலம் (‘இஸ் டேக்கிங்’ போன்ற வினை வடிவம்) வரும் என்றும் மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த விதி பாதிதான் சரி.

தற்காலிகமானது என்று பேசுபவர் கருதும் ஒரு நிலைக்கும், அது மாதக்கணக்கில் நீண்டாலும், ஆங்கிலத்தில் தொடர் நிகழ்காலமே இயல்பாக வரும். முன்னாள் அமெரிக்க அதிபர் பராக் ஒபாமாவின் மகள் மலியா ஒபாமா 2016இல் பள்ளிப் படிப்பை முடித்து, ஓராண்டு இடைவெளிக்குப் பிறகு 2017இல் ஹார்வர்டில் சேர்ந்தார். அந்த இடைப்பட்ட மாதங்களில் அவர் உறங்கிக்கொண்டிருந்த வேளையிலும் மேற்கண்ட வாக்கியத்தை அவரைப் பற்றித் தாராளமாகச் சொல்லியிருக்கலாம்.

முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்ட எதிர்காலச் செயலுக்கும் இவ்வடிவம் பொருந்தும் என்பதால், ‘ஐ ஆம் ஸ்டார்ட்டிங் காலேஜ் நெக்ஸ்ட் இயர்’ என்பதும் பிழையன்று. (நாமும் ‘நாளைக்குக் கிளம்புகிறேன்’ என்று நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்!) கால அட்டவணைப்படி நடப்பவற்றுக்கோ, ‘தி கோர்ஸ் ஸ்டார்ட்ஸ் இன் செப்டம்பர்’ என்பதுபோலச் சாதாரண நிகழ்காலம் வரும்.

மேலே எழுதியவர் சொன்ன இன்னொன்று முழுக்கச் சரியே: அறிதல், நம்புதல் போன்ற நிலைவினைகள் பொதுவாகத் தொடர் வடிவம் ஏற்பதில்லை. ஆகவே ‘ஐ ஆம் நோயிங் தி ஆன்சர்’ என்று எழுதினால் மதிப்பெண் குறைவது நியாயந்தான்.