பேலட் முத்திரை: பரவும் செய்தியும் உண்மையும்

சரக்கு இறக்கியபின் கழித்துப்போடும் மரப் பேலட்டுகளில் (சரக்கை அடுக்கும் பலகைத் தட்டுகளில்) கோதுமைக் கதிர் முத்திரை இருந்தால் அவை நஞ்சில் ஊறவைக்கப்பட்டவை, விறகாகவோ சுள்ளியாகவோ எரிக்கவே கூடாது என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவிவருகிறது. இது சரியல்ல.

அந்த முத்திரை, மரத்தின் வழியே பூச்சிகள் நாடுவிட்டு நாடு செல்வதைத் தடுக்க, பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 15ஆம் எண் தரவிதி கோருகிற அடையாளம். அதில் 'எச்.டி.' (HT) என்றிருந்தால், மரத்தின் உட்பகுதி உட்பட முழுவதும் 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் தொடர்ந்து சூடேற்றப்பட்டது என்பதே பொருள். இம்முறையில் மருந்து எதுவும் சேர்க்கப்படுவதில்லை. 'எம்.பி.' (MB) என்றிருந்தால் மட்டுமே மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயுவால் புகையூட்டப்பட்டது; அத்தகைய பேலட்டுகளை எரிக்காமல் ஒதுக்குவதே நல்லது. இக்குறியீடுகளின் விளக்கத்தை அவ்வுடன்படிக்கையின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம்.

ஆனால் பின்னாளில் பலகைமேல் என்ன கொட்டியது என்பதை முத்திரை சொல்லாது (செய்தியை எழுதியவர் அஞ்சியிருக்க வேண்டியது இதற்குத்தான்). எனவே எண்ணெய்க்கறை, இரசாயன வாடை, வண்ணப்பூச்சு உள்ளவற்றையும், பசையிட்டு அழுத்திய மரத்தூள் கட்டைகளையும் 'எச்.டி.' இருந்தாலும் அடுப்பில் இடக்கூடாது. சாம்பலில் ஆணிகள் கிடக்கும், பார்த்து அள்ளவும். அச்செய்தியை மேலும் பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.