கொழுப்பு நேரே கல்லீரலுக்குப் போவதில்லை

ஐயா, நல்ல கட்டுரை. ஆனால் சாப்பாட்டுக் கொழுப்பும் சர்க்கரையைப் போலக் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது என்று எழுதியிருப்பதைத் திருத்துங்கள். பெரும்பகுதி அப்படிப் போவதில்லை. கொழுப்பு தண்ணீரில் கரையாது. அதனால் குடல் செல்கள் அதைப் புரதம் சேர்ந்த உறைக்குள் அடைத்து, கைலோமைக்ரான் என்னும் துகள்களாக, ரத்தக் குழாய்களை விட்டுத் தனிக் குழாய்களில் ஓடும் நிணநீரில் விடுகின்றன. கழுத்தடியில், இடப்பக்கச் சிரைக்கு வந்த பிறகுதான் அது ரத்தத்தில் கலக்கும். தசையும் கொழுப்புத் திசுவும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது போக, மிச்சம்தான் கல்லீரலுக்கு.

ரங்கூனில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மோகிங்கா என்னும் மீன் குழம்பு நூடுல்ஸும் எண்ணெய் வடியும் வடையும் சாப்பிட்டுவிட்டு வருபவரின் ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால், தெளிந்த மஞ்சளாக நிற்க வேண்டிய மேல்நீர் பல சமயம் பால் விட்டதுபோல் வெளுத்துக் கலங்கியிருக்கும். அது பெரும்பாலும் இந்தத் துகள்கள்தான். டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பின் அளவு கூடுதலாகக் காட்டுவதும் அதனால்தான். அதையும் கட்டுரையில் சேருங்கள்.