பிச்சைக்காரர்களுக்குப் பின்னால் ஏன் வெற்றுத்தாள்?

பரோக் காலத்து (17-ஆம் நூற்றாண்டை ஒட்டிய) ஐரோப்பிய அச்சோவியங்கள் என்றாலே அரசர்களின் சுருள்முடியும் பட்டு அங்கியும்தான் பேசப்படுகின்றன. அந்தச் சமூகத்தின் மேல்-கீழ் அடுக்கை எனக்குப் பளிச்சென்று காட்டியவர் ஜாக் கலோ என்ற அச்சோவியர். லொரேன் நாட்டின் நான்சி நகரத்துக்காரர். ஃபுளோரன்சில் மெடிச்சி பிரபுவின் ஆதரவில் வேலை பார்த்துவிட்டு 1621-இல் ஊர் திரும்பினார். 1620-களின் தொடக்கத்தில் அவர் செய்தவை இரண்டு வரிசைகள்: பிரபுக்கள் 12 படங்கள், பிச்சைக்காரர்கள் 25 படங்கள். இரண்டுமே உள்ளங்கையில் அடங்குகிற அளவு.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகமூடி அணிந்த சீமாட்டி, உரோமம் வைத்த மேலங்கி போட்ட கனவான் என ஒவ்வொருவரும் தாளை நிறைத்து நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் எறும்பு போலச் சின்னச் சின்ன மனிதர்கள். அப்படிக் குட்டியாக்கினால்தானே முன்னால் நிற்பவர் மலையாகத் தெரிவார்!

பிச்சைக்காரர் வரிசையிலோ பின்னால் ஒன்றுமே இல்லை. ஊன்றுகோல்காரர், மூன்று பிள்ளைகளோடு நிற்கும் தாய், எல்லோரும் வெறும் தாளில் நிற்கிறார்கள். காலடியில் கொஞ்சம் தரை, கொஞ்சம் நிழல், அவ்வளவுதான். இவர்களுக்கு ஊர் இல்லை, வீடு இல்லை என்று அந்த வெற்றிடமே சொல்லிவிடுகிறது. இதை வெறும் அழகியல் உத்தி என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

ஆனால் கோட்டில் கலோ பாகுபாடு பார்க்கவில்லை. பூச்சுப் பூசிய தகட்டில் படத்தைக் கீறி, கீறிய இடத்தை அமிலத்தால் அரித்து, மை தடவி அச்சிடுவதுதான் இந்த முறை. செம்புத் தகட்டில் மெழுகுக்குப் பதிலாக, இசைக்கருவி செய்பவர்கள் பூசுகிற கெட்டியான வார்னிஷைப் பூசினார். சாய்வாக வெட்டிய முனையுள்ள ஊசியால் கீறினார். அதனால் ஒரே கோடு மெல்லியதாகத் தொடங்கி நடுவில் தடித்து மறுபடி மெலியும். பிரபுவின் மேலங்கி மடிப்புக்கு விழுந்த அதே கோடுதான் பிச்சைக்காரரின் கந்தலுக்கும் விழுந்தது. சொல்லப்போனால் கந்தலில்தான் அவர் கை இன்னும் தாராளம்.

பெயர் விஷயத்தில் அந்தத் தாராளம் எங்கேயும் கிடையாது. 1630-களில் ஓவியர் வான் டைக்கின் உருவப்பட வரிசை ஆன்ட்வெர்ப்பில் வெளியானது. இளவரசர்கள், தளபதிகள், அறிஞர்கள், ஓவியர்கள், ஒவ்வொருவர் படத்தின் கீழும் பெயரும் தகுதியும் இருக்கும். கைவினைக்காரராகப் பார்க்கப்பட்ட ஓவியர்கள் இளவரசர்களோடு ஒரே தொகுப்பில் இடம்பிடித்தது பெரிய ஏற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏணி அதற்குக் கீழே, பெயரில்லாத பிச்சைக்காரர்கள் வரை இறங்கவில்லை.

கலோவின் பிச்சைக்காரர்களை உன்னிப்பாகப் பார்த்தவர் டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட். 1630-இல் மண்மேட்டில் உட்கார்ந்து கை நீட்டும் பிச்சைக்காரர் ஒருவரைத் தகட்டில் கீறினார். அந்த உடம்புக்கு வைத்தது தன்னுடைய முகத்தை. அப்போது அவருக்கு 23 அல்லது 24 வயதுதான் இருக்கும். இந்த மூவரின் படங்களில் ஒன்றை வீட்டுச் சுவரில் மாட்டலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.