யுனிசெப் வேலைக்குப் பணம் கட்டாதீர்கள்

"யுனிசெப்பில் வேலை, குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஒருவர், மாதம் 45,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1,850" என்று மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது பொய்.

விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி, நியமனம் என எந்தக் கட்டத்திலும் ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யுனிசெப் பணம் வாங்குவதில்லை. வங்கிக் கணக்கு விவரமும் கேட்பதில்லை. அவர்களுடைய அதிகாரப்பூர்வ இணையதளத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள், போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். காலியிடங்களும் அங்கேதான் வரும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா மகளுக்காகக் கம்மலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். கையில் அந்தச் செய்தி, நீல நிற முத்திரையோடு. முத்திரையை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று சொல்லித்தான் திருப்பி அனுப்பினோம்.

அந்தச் செய்தியில் இருந்த "வேலை ஒன்றும் இல்லை, சும்மா சம்பளம்" என்ற வரிதான் எனக்கு அதிகம் வலித்தது. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு நம் கடற்கரையில் நிவாரணப் பணி செய்தவர்களைப் பார்த்திருக்கிறோமே! வீடு வீடாகப் பெயர் சரிபார்ப்பு, கையெழுத்து, கணக்கு, இரவில் அறிக்கை. சும்மா வருகிற சம்பளம் இல்லை அது.

பணம் கட்டிவிட்டவர்கள் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். மற்றவர்கள் தயவுசெய்து அந்தப் பொய்ச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிய குழுவிலும் பொய் என்று போட்டுவிடுங்கள்.