இரண்டு இழை

பிள்ளையார் நோன்பன்று எங்கள் வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் அவளுக்கு இரண்டு இழை. ஒன்று அவளுக்கு, இன்னொன்று வயிற்றில் இருப்பதற்கு. இழை எடுப்பது என்றால் நூல் திரியை மாவில் வைத்துச் சுடரேற்றி, எரிய எரிய வாயில் போட்டுக்கொள்வது; செட்டிநாட்டு நகரத்தார் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அதனால் கரு என்றால் வெறும் சதைதானே என்று பேசுகிற ஆள் நானில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறக்காத பிள்ளைக்கும் பங்கு வைக்கிற வீட்டில் வளர்ந்தவள். ஆனாலும் கருக்கலைப்புத் தடைச் சட்டங்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அந்தக் கோபமே பிள்ளை வேண்டும் வேண்டும் என்று ஏங்கிய ஒருத்தியைப் பார்த்து வந்ததுதான்.

சித்தி மகள். அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்து டாலஸில் இருக்கிறாள். கல்யாணமாகி எட்டு வருஷம், ஊசி, மாத்திரை, இரண்டு தடவை ஐவிஎஃப் என்கிற செயற்கைக் கருத்தரிப்பு, எல்லாம் பட்டு 2023 கடைசியில்தான் தங்கியது. அந்த டிசம்பர் நோன்புக்கு வீடியோ காலில் இரண்டு இழையையும் தட்டில் வைத்துக் காட்டினாள். சித்தி இங்கே காரைக்குடியில் பட்டாலையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சீப்புச் சீடைக்கு மாவு பிசைந்தார், அனுப்பிவிடத்தான்.

ஜனவரியில் ஸ்கேன். பதினேழாவது வாரம். குழந்தைக்கு மண்டையோடு உருவாகவே இல்லை, பிறந்தாலும் சில மணி நேரம்தான். இதைச் சொன்ன டாக்டர் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லவில்லையாம். திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேறு மாநிலத்தில் யாரையாவது தெரியுமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2022 ஜூன் 24-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-லிருந்து இருந்த கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த பிறகு, டெக்ஸாஸில் கருக்கலைப்புச் செய்கிற டாக்டருக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம், அபராதம் குறைந்தது ஒரு லட்சம் டாலர். தாயின் உயிருக்கோ, உடலின் முக்கிய இயக்கத்துக்கோ கடும் ஆபத்து என்றால் விலக்கு உண்டு. பிழைக்கவே பிழைக்காத கரு என்பதற்கு விலக்கு கிடையாது. 'ஆபத்து' எந்த நிமிஷத்தில் ஆரம்பிக்கிறது என்று டாக்டர் முடிவு செய்ய வேண்டும், பிறகு அதை ஒரு வக்கீல் அலசுவார். யார் துணிவார்கள்?

அதே டிசம்பரில்தான் கேட் காக்ஸ் வழக்கு செய்தியில் ஓடியது. அவரும் டெக்ஸாஸ், இரண்டு பிள்ளைகளின் தாய், மூன்றாவது கருவுக்கு டிரைசோமி 18 என்கிற கடுமையான குரோமோசோம் குறைபாடு. இதைத் தொடர்ந்தால் இனிமேல் பிள்ளை பெறுவதே சிக்கலாகலாம், எனக்கு இன்னும் பிள்ளை வேண்டும், அதனால்தான் கேட்கிறேன் என்று கோர்ட்டுக்குப் போனார். மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர் வெளி மாநிலம் போய்ச் செய்துகொண்டார், அடுத்த ஆகஸ்டில் மறுபடி கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னார். குடும்பம் வளர்ந்தது சட்டத்தால் அல்ல, சட்டத்துக்கு எட்டாத இடத்துக்குப் போக முடிந்ததால்.

சித்தி மகளும் தடை இல்லாத பக்கத்து மாநிலம் நியூ மெக்சிகோவுக்கு ஃப்ளைட் ஏறினாள். வயிறு தெரியாமல் இருக்க வீட்டுக்காரரின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனாளாம். பக்கத்து சீட்டு அம்மா எத்தனையாவது மாதம் என்று கேட்டுவிட்டார்.

சரி, முடிந்தது என்று பார்த்தால் அடுத்த மாதமே அலபாமா தீர்ப்பு. ஆஸ்பத்திரியில் யாரோ உள்ளே நுழைந்து, உறைய வைத்த கருக்களைக் கையில் எடுத்து, குளிர் சுட்டுக் கீழே போட்டுவிட்ட வழக்கு. அந்தக் கருக்களும் சட்டப்படி பிள்ளைகளே என்றது அந்த மாநில உச்ச நீதிமன்றம். அங்கே ஐவிஎஃப் மையங்கள் சில உடனே வேலையை நிறுத்தின, மார்ச்சில் அவசரமாக ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்ட பிறகுதான் மறுபடி திறந்தன. டாலஸ் வேறு, அலபாமா வேறு என்று நான் எவ்வளவோ சொன்னேன். இவளுடைய மூன்று கருக்கள் இன்னும் டாலஸில் உறைந்து கிடக்கின்றன. வருஷா வருஷம் வாடகை கட்டுகிறாள், வயிற்றில் வைத்துக்கொள்ள மட்டும் மாட்டேன் என்கிறாள். கரு தானாகக் கலைந்தாலும் அதே மாத்திரை, கருப்பையைச் சுத்தம் செய்கிற அதே டி அண்ட் சி. பாதியில் ரத்தம் போக ஆரம்பித்தால் டாக்டர் என்னைப் பார்ப்பாரா, சட்டப் புத்தகத்தைப் பார்ப்பாரா என்கிறாள். உயிரைக் காக்கிறேன் என்று வந்த சட்டத்தால் மூன்று பேருக்கு இழை எடுக்க ஆளில்லை.

நம் ஊர் மட்டும் என்ன என்று கேட்பீர்கள். 1971-லேயே கருக்கலைப்பை அனுமதித்துச் சட்டம் கொண்டுவந்த நாடு. 2021 திருத்தத்தில் சிலருக்கு 24 வாரம் வரை, கடுமையான குறைபாடு என்றால் மருத்துவக் குழு ஒப்புதலோடு அதற்கு மேலும். பதினெட்டு வயதான பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், புருஷன் கையெழுத்து எந்தப் பிரிவிலும் இல்லை. ஆனால் இங்கே பக்கத்து டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் என் தோழியிடம் அந்தக் கையெழுத்தைக் கேட்டார்கள். அவள் புருஷன் சிங்கப்பூரில், கப்பல் வேலை, தொடர்பே கிடைக்கவில்லை. பத்து நாள் அலைந்துவிட்டு, மெடிக்கலில் யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டு, ரத்தம் நிற்காமல் ராத்திரி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். சட்டம் இருந்தும் இப்படி. அந்தக் காலத்தில் எருக்கங்குச்சியால் செத்தவர்கள் கதையை ஆயா (பாட்டி) சொல்லும்போது கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார்.

"வேண்டாம் என்றால் பெற்றுப் பிள்ளை கூட்டிக் (தத்து) கொடுத்துவிடலாமே" என்கிறவர்களுக்கு ஒன்று. பிள்ளை கூட்டுவது நமக்குப் பழக்கமான விஷயம்தான், பங்காளி வீட்டுக்குக் கொடுத்து அந்தப் புள்ளி (குடும்பக் கணக்கு) நிலைக்கச் செய்த ஊர் இது. கொடுத்த ஆச்சி ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார், தான் பெற்ற மகன் கல்யாணத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா?

சித்தி முதலில் தடைச் சட்டம் சரி என்றவர்தான். "கருவைத் தொடுவது பாவம்டி" என்பார். போன வாரம் போனில், மாப்பிள்ளைக்கு நியூ மெக்சிகோவில் ஐடி வேலை கிடைக்குமா, அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்களா என்று விசாரிக்கச் சொன்னார்.