சோலைவரிப் பற்றுச்சீட்டு காணி உறுதி ஆகாது

மேலே ஒருவர், "சோலைவரிப் பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் இருந்தால் காணியும் உங்களுடையதுதான், பிரதேச சபையே உறுதியை மாற்றித் தரும்" என்று எழுதியிருக்கிறார். தம்பி, இது பிழை. சோலைவரி என்பது வீடு, காணிக்காகச் சபைக்குக் கட்டும் வரி; உறுதி என்பது காணி யாருடையது என்று காட்டும் பத்திரம். களுவாஞ்சிகுடியில் என் பெரியப்பா இதை நம்பி, கட்டுக்கட்டாகப் பற்றுச்சீட்டோடு காணி விற்கப் போனார். உறுதி எழுதும் நொத்தாரிசு சிரித்துவிட்டு, "உறுதி எங்கே?" என்று கேட்டார்.

இலங்கையின் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி சபை வரி அறவிடலாம், கட்டிட அனுமதி கொடுக்கலாம், தன் பொறுப்பிலுள்ள ஒழுங்கைகளைப் பராமரிக்கலாம். உரிமை மாற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. தனியார் காணி என்றால் நொத்தாரிசு எழுதிய உறுதி வேண்டும், அதைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் பிரதேச செயலகம்தான். சபையும் செயலகமும் ஒன்றில்லை. பெயர் ஒத்திருப்பதால் நம்மில் பாதிப்பேர் குழம்புகிறோம்.

பத்து வருடம் காணியை ஆண்டு வந்ததை வைத்து நீதிமன்றத்தில் உரிமை கேட்கும்போது அந்தப் பற்றுச்சீட்டு ஒரு சான்றாக உதவலாம், சரி. அரச காணிக்கு அந்தப் பத்து வருடக் கணக்கும் செல்லாது.

அப்புறம், கல்முனை வீதியின் குழிக்குச் சபையைத் திட்டியிருக்கிறீர்கள். அது ஏ4 நெடுஞ்சாலை, சபையின் பொறுப்பில் இல்லை. வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேளுங்கள்.