எவ்வளவு?

ஒரே ஒரு சொல், ஒரு கேள்விக்குறி. மழைத் தண்ணீர் உள்ளே இறங்காத ஒரு பைக் கால்சட்டையைப் பற்றி நான் ராத்திரி கண்விழித்து என் வலைப்பூவில் எழுதிய நீளப் பதிவுக்குக் கீழே வந்து விழுந்த பதில் அவ்வளவுதான். அதை எழுத எவ்வளவு காசு வாங்கினாய் என்று அர்த்தம். மூன்று நாளாக அதை வைத்து நடக்கும் கூத்தை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஸ்கிரீன்ஷாட் எந்தெந்தக் குழுவுக்குப் போனது என்பதுகூட என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. கேட்டவர் பெயரையும் சொல்ல மாட்டேன். மக்கள் தொடர்பு, அதாவது பி.ஆர்., என்ற என் துறையில் எனக்கு மூத்தவர், அவரைப் பார்த்து வேலை பழகியவர்களில் நானும் ஒருத்தி. வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சரி, அதை விடுங்கள்.

கேட்டுவிட்டார், பதில் சொல்கிறேன். ஒன்றும் வாங்கவில்லை. அந்த மழைக் கால்சட்டை என் காசில் நானே கடைக்குப் போய் வாங்கியது. பதிவை முழுசாகப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அதில் இரண்டு பத்தி அந்தக் கால்சட்டையின் ஜிப்பைத் திட்டுவதற்கே போனது. ஈரக் கையுறையோடு அந்த ஜிப்பைப் பிடிக்க முடியாது, பிடித்தாலும் பாதியில் துணியைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும் என்று எழுதியிருந்தேன். தன் ஜிப்பைத் திட்டச் சொல்லிக் காசு கொடுக்கும் நிறுவனம் எங்காவது இருந்தால் சொல்லுங்கள். நானே போய் அவர்களுக்கு பி.ஆர். பார்க்கிறேன், பாவம், கட்டாயம் தேவைப்படும்.

மழையில் தூரம் போகாதவர்களுக்கு ஒரு கால்சட்டையைப் பற்றி இத்தனை பேச்சு எதற்கு என்று தோன்றலாம். வண்டியில் உட்கார்ந்தபடி போகும்போது மழைத் தண்ணீர் மடியில் குளம் கட்டும். அங்கிருந்து தையல் வழியாக மெதுவாக உள்ளே இறங்கும். அரை மணியில் தொடை விறைக்கும், பிறகு புத்தி முழுக்கக் குளிரில்தான் இருக்கும், சாலையில் இருக்காது. கொண்டை ஊசி வளைவில் கண் எங்கே பார்க்கிறதோ வண்டி அங்கேதான் போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குப் போகும். வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதை உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும்போது நினைவில் வைத்திருப்பது லேசில்லை. தண்ணீர் இறங்காத கால்சட்டை எங்களுக்குச் செய்தி. அதைச் சொன்னேன். அதற்குத்தான் 'எவ்வளவு?'

நான் பதினோரு வருடமாக மக்கள் தொடர்பு வேலையில் இருக்கிறேன். வலைப்பூவும் கிட்டத்தட்ட அதே வயசு. வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். ஒரு பக்கச் செய்திக்குறிப்பு எழுதுவேன். அது என் மேலாளருக்குப் போகும், கிளையன்ட்டின் மேலாளருக்குப் போகும், அவர்களுடைய வக்கீலுக்குப் போகும். 'சிறந்த' என்று எழுதியது 'முன்னணி' ஆகும், 'முன்னணி' என்பது 'உலகத் தரம் வாய்ந்த' ஆகும், வக்கீல் பார்த்துவிட்டு அதை 'சிறந்தவற்றில் ஒன்றாகக் கருதப்படும்' என்று மாற்றுவார். ஏழாவது வடிவத்தில் அப்ரூவ் ஆகும்போது அதில் என் சொல் என்று ஒரு 'மற்றும்' மிஞ்சியிருக்கும். இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சம்பளம் அதற்குத்தான். நான் இந்த வேலையை மதிக்கிறேன், நன்றாகவும் செய்கிறேன்.

ஆனால் அதனால்தான் வலைப்பூ. அங்கே யாரும் அப்ரூவ் செய்ய வேண்டாம். ஜிப் மோசம் என்றால் மோசம். மூடுபனியில் பயந்து ஒரு மணி நேரம் ஓரமாக நின்றேன் என்றால் நின்றேன். அப்ரூவ் ஆகாத சொல் எனக்கு வேறு எங்கும் கிடையாது.

'துறை அப்படி, சந்தேகப்படாமல் என்ன செய்வது' என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். இந்தச் சந்தேகத்தை நாங்களே உழைத்துச் சம்பாதித்தோம். 1906இல் ஐவி லீ என்ற அமெரிக்க பி.ஆர். முன்னோடி பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். எங்களுடையது ரகசிய அலுவலகம் இல்லை, எல்லாம் வெளிப்படையாகவே செய்கிறோம் என்பது அதன் சாரம். எங்கள் தொழிலின் ஆரம்பப் பாடமே அதுதான். 1929இல் எட்வர்ட் பெர்னேஸ் என்ற இன்னொரு முன்னோடி நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட் பிடித்து நடக்கவைத்து, அதற்குச் 'சுதந்திர தீபம்' என்று பெயரும் வைத்தார். பின்னால் இருந்தது சிகரெட் கம்பெனி. இது அடுத்த பாடம். என்னை நேராகச் சுடுவது 2006இல் நடந்தது. ஒரு ஜோடி பெரிய வண்டியில் அமெரிக்கா முழுக்கச் சுற்றி, இரவுகளில் வால்மார்ட் வாகன நிறுத்தங்களில் தங்கி, வழியில் பார்த்ததை எல்லாம் வலைப்பூவில் எழுதினார்கள். படிக்க நன்றாக இருந்தது. பிறகு பார்த்தால் அந்தப் பயணத்துக்குப் பணம் வால்மார்ட்டின் பக்கத்திலிருந்து வந்தது, ஏற்பாடு எடெல்மன் என்ற பி.ஆர். நிறுவனம். அந்த நிறுவனத்தின் தலைவரே மன்னிப்புக் கேட்டார். பயண வலைப்பூ எழுதும் பி.ஆர். ஆளைப் பார்த்து உங்களுக்கு வயிற்றில் புளி கரைவதற்குக் காரணம் இருக்கிறது. மறுக்கவில்லை. 2009இலேயே அமெரிக்க வர்த்தக ஆணையம், காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு எழுதும் வலைப்பதிவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டுதலைத் திருத்தியது. நல்லது. வாங்கும் நாளில் நானும் முதல் வரியிலேயே சொல்வேன்.

அதற்காக, துறையில் இருப்பவள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் விலைச்சீட்டு தேடுவீர்களா? சமையல்காரர் வீட்டில் சமைத்தாலும் பில் கேட்பீர்களா?

இன்னொருவர், நல்ல எண்ணத்தோடுதான், உள்பெட்டியில் வந்து சொன்னார்: 'பி.ஆர். ஆளுக்குச் சொந்தக் குரலே ஆபத்து.' கூடவே 2013 கதையையும் அனுப்பினார். ஒரு நிறுவனத்தின் தகவல் தொடர்பு அதிகாரி விமானம் ஏறும் முன் மோசமான ஒரு ட்வீட் போட்டு, இறங்கும்போது உலகமே அவரைத் தேடிக்கொண்டிருந்த கதை. வேலையும் போனது. ஐயா, நன்றி. அந்தக் கதையைப் புதிதாகச் சேர்பவர்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அதில் இருந்தது மட்டமான நகைச்சுவை, என்னிடம் இருப்பது ஒரு ஜிப். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் நான் மேலே பேச ஒன்றும் இல்லை.

'ஞாயிற்றுக்கிழமை ஓய்வு எடுக்க வேண்டியதுதானே, வண்டியில் போனதை எல்லாம் எழுதித்தான் ஆக வேண்டுமா' என்று ஒரு கேள்வி. இதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். ஆனால் இதுதான் ராத்திரி தூங்கவிடாமல் செய்தது.

வேலை, வண்டி, வலைப்பூ மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்பவர்களிடம் இதுவரை பொய்தான் சொல்லியிருக்கிறேன். விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவேன், பத்து மணிக்குள் திரும்பிவிடுவேன், இரவில் எழுதுவேன், திட்டமிட்டால் எல்லாம் முடியும் என்று. கேட்க நன்றாக இருக்கும், செய்திக்குறிப்பு மாதிரியே. நிஜத்தில் ஒன்று மற்றொன்றைத் தின்றுகொண்டே இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒருநாள் பாதி மலை ஏறியிருந்தேன். பெட்ரோல் டேங்க் மேல் மாட்டிய பைக்குள் போன் அதிர்கிறது. நிற்கவில்லை. மறுபடி அதிர்கிறது. ஐந்தாவது தடவை அடுத்த வளைவு தாண்டி, அகலமான ஓரம் பார்த்து நிறுத்தினேன். கிளையன்ட் இடத்தில் ஏதோ அசம்பாவிதம், நிருபர்கள் கேட்கிறார்கள், முதல் ஒரு மணிக்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும். கையுறையைப் பல்லால் கழற்றி, டேங்க் மேலேயே போனை வைத்து, ஈர விரலால் தட்டினேன்: 'சம்பவம் எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. பாதிக்கப்பட்டவர்களுக்கே எங்கள் முதல் கவனம்…' நான்கு வரி. அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் பனி விலகியிருக்கிறது. பள்ளத்தாக்கு முழுக்க வெளிச்சம், எங்கோ கீழே ஆறு ஒரு கோடாகத் தெரிகிறது. அதைப் பார்த்ததும் என் மண்டைக்குள் முதலில் வந்தது என்ன தெரியுமா? ஒரு தலைப்பு. கூடவே துணைத்தலைப்பும். நான் பார்ப்பதற்கு முன்னால் எனக்குள் இருக்கும் வேலைக்காரி பார்த்துவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து அதை எழுதினேன், தலைப்பே வைக்காமல். முப்பது பேர் படித்திருந்தால் அதிகம். அந்தப் பள்ளத்தாக்கை மறுபடி என் கண்ணால் பார்த்தது எழுதும்போதுதான். எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

என்னிடம் வேலை பழகும் பெண் நேற்று சொன்னாள்: "அக்கா, ரெண்டு வரி விளக்கம் போட்டுட்டுக் கடந்துடலாம். பெரிசா எழுதாதீங்க. நீங்கதானே எங்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுப்பீங்க." சரியாகத்தான் சொன்னாள். ஒருமுறை சொல், சுருக்கமாகச் சொல், சண்டையை வளர்க்காதே. கிளையன்ட்டிடம் இதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். எனக்கு நானே கிளையன்ட் ஆனதும் முதல் ஆளாக அதை மீறிக்கொண்டிருக்கிறேன், பாருங்கள்.

மீறியதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று நாளாகக் குறுகுறுத்துக்கொண்டே இருக்கிறது.

அப்ரூவ் ஆகாத சொல் என்று மேலே பெருமையாக எழுதினேன் இல்லையா. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு புது மலைச்சாலையைப் பற்றி எழுதினேன். அழகான சாலை. ஆனால் மேலேயிருந்து இறங்கும்போது வரும் ஐந்தாவது வளைவில் தளம் உள்பக்கம் சரிவதற்குப் பதிலாக வெளிப்பக்கம் சரிந்திருக்கும். வளைவில் வண்டியை உள்ளே பிடித்துக்கொள்ள வேண்டிய சாலை, அந்த இடத்தில் வெளியே தள்ளும். மழையில் சரளையும் அங்கேதான் சேரும். அதை ஒரு பத்தியாக எழுதியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து, அந்தச் சாலையைப் போட்ட நிறுவனம் எங்களிடம் வரப்போகிறது என்று அலுவலகத்தில் பேச்சு அடிபட்டது. யாரும் என்னை எடுக்கச் சொல்லவில்லை. என் வலைப்பூவை அங்கே யாரும் படிப்பதுகூட இல்லை. நானேதான் ராத்திரி உட்கார்ந்து அந்தப் பத்தியை எடுத்தேன். 'சில வளைவுகளில் கவனம் தேவை' என்று ஒரு வரி போட்டேன். ஏழாவது வடிவம் மாதிரி. கடைசியில் அந்த நிறுவனம் எங்களிடம் வரவும் இல்லை.

அதற்கும் யாரும் எனக்கு ஒன்றும் தரவில்லை. ஆகவே மூத்தவரே, 'எவ்வளவு?' என்று நீங்கள் கேட்டதற்கு நான் மேலே சொன்ன பதில் கணக்குப்படி சரிதான். தப்பான பதிவுக்குக் கீழே கேட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். அந்தப் பதிவுக்குக் கீழே கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

இன்று காலை அந்தப் பத்தியைத் திரும்பப் போட்டுவிட்டேன், எப்போது எடுத்தேன் என்ற குறிப்போடு. திங்கட்கிழமை அலுவலகத்தில் யாராவது கேட்டால் கேட்கட்டும். போன மாதம் போனபோதும் அந்த வளைவு அப்படியேதான் இருந்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் வேகத்தை வளைவுக்குள் குறைக்காதீர்கள், அதற்கு முன்பே நேராக இருக்கும் இடத்தில் குறைத்து, கியரை இறக்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக மழையில்.